யாரும் கேட்காத மொழி

2006-ஆம் ஆண்டு ஜூலை மாதம், உலகின் பல மூலைகளில் இருந்த புரோகிராமர் குழுக்களின் கைக்கு ஒரு கதை வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மன்ரோவில் என்ற ஊரில், 1967-இல் வணிக வளாகம் கட்ட மண்ணைத் தோண்டியபோது ஒரு நிலவறை தட்டுப்பட்டதாம். உள்ளே பழஞ்சுருள்கள். கி.மு. 200-ஐ ஒட்டிய காலத்தில் அந்தப் பகுதியில் ஒரு ரகசிய சமயக் குழு இருந்ததாகவும், கணினி பிறப்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுகள் முன்பே கணிப்பு என்பது என்ன என்று அவர்கள் ஆராய்ந்து வந்ததாகவும் அந்தச் சுருள்கள் சொல்லினவாம். குழுவின் பெயர் "கட்டுண்ட மாறியின் சமயம்".

எல்லாம் கற்பனை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நிரல் மொழி ஆய்வாளர்கள், ஐசிஎஃப்பி என்ற வருடாந்தர இணையப் போட்டிக்காகப் புனைந்தது. 1998 முதல் நடந்துவரும் இந்தப் போட்டியில் யாரும் கலந்துகொள்ளலாம், எந்த மொழியிலும் எழுதலாம். எழுபத்திரண்டு மணி நேரம் கிடைக்கும். வென்றவர்கள் பயன்படுத்திய மொழியே நுட்பம் அறிந்தவர்கள் தேர்ந்தெடுக்கும் மொழி என்று நடுவர்கள் எல்லோர் முன்னிலையிலும் அறிவிப்பார்கள். பரிசைவிட அந்த அறிவிப்புக்காக உறக்கம் கெடுத்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

அந்த ஆண்டுப் போட்டியின் முதல் வேலை, சமயக் குழு விட்டுச்சென்றதாகச் சொல்லப்பட்ட ஓர் இயந்திரத்தை உயிர்ப்பிப்பது. கல்லில் செதுக்க வேண்டியதில்லை. எட்டுப் பதிவேடுகள், பதினான்கு கட்டளைகள் என்று அதன் இலக்கணம் சில பக்கங்களில் எழுதித் தரப்பட்டிருந்தது. கை தேர்ந்தவர் தனக்குத் தெரிந்த மொழியில் ஒரு மாலைப் பொழுதுக்குள் எழுதிவிடக்கூடியது. எழுதி ஓட்டினால் உள்ளே ஒரு முழு உலகமே விழித்துக்கொள்ளும்: பழங்கால இயங்குதளம், பல பயனர்களின் கணக்குகள், பூட்டிய கதவுகள். கதவுகளுக்குப் பின்னால், யாரும் அதுவரை கேள்விப்படாத நிரல் மொழிகள் காத்திருந்தன.

ஒன்றில் எண்களை ரோமன் எண்களாக மட்டுமே எழுத முடியும். இன்னொன்றின் பெயர் 2டி. அதில் நிரலை வரிவரியாக எழுத முடியாது. எழுத்துகளால் பெட்டிகள் வரைந்து அவற்றைக் கோடுகளால் இணைக்க வேண்டும். தகவல் வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் பெட்டிக்குள் நுழைந்து, தெற்கிலும் கிழக்கிலும் வெளியேறும். 'பேலன்ஸ்' என்ற மூன்றாவது மொழியில் இருப்பவை நான்கே வகைக் கட்டளைகள்: அறிவியல், கணிதம், தருக்கம், இயற்பியல். கணிதம் என்ற கட்டளை ஓரிடத்தில் கூட்டி எழுதும்போதே வேறோர் இடத்தில் கழித்தும் எழுதிவிடும். கூட்டலை மட்டும் தனியே செய்யச் சொல்ல அந்த மொழியில் வழியே கிடையாது.

மூன்று நாள் போட்டி முடிந்ததும் இந்த மொழிகளுக்கு வேலை முடிந்துவிடும். எந்த நிறுவனமும் இன்டர்வியூவில் இவற்றைக் கேட்கப்போவதில்லை. ஆனாலும் நூற்றுக்கணக்கான குழுக்கள் கண் விழித்துக் கற்றன. சமயக் கதையை அந்த ஆய்வாளர்கள் அலங்காரத்துக்காக மட்டும் சேர்த்திருக்கலாம். ஆனால் அந்தப் போட்டியின் அமைப்பிலேயே ஒரு பழைய சமயக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது: எல்லா வழிகளும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன என்றால், இன்னொரு வழியில் எதற்காக நடக்க வேண்டும்?

*

நிரல் மொழிகளைப் பொறுத்தவரை "எல்லாம் ஒன்றே" என்பது நல்லெண்ணத்தில் சொல்லும் வார்த்தையல்ல. கணிதத்தில் நிறுவப்பட்ட சங்கதி. 1936-இல் பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச், கணிப்பு என்பதை வரையறுக்க லாம்டா கால்குலஸ் என்ற குறியீட்டு முறையைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் அவரோடு தொடர்பே இல்லாத இருபத்து நான்கு வயது ஆலன் டூரிங், ஒரு நாடாவும் அதில் எழுதி அழிக்கும் ஒரு முனையும் கொண்ட கற்பனை இயந்திரத்தால் அதையே வரையறுத்தார். இருவரின் முறைகளும் பார்வைக்கு வானமும் பூமியும். ஆனால் ஒன்றால் கணிக்க முடிவதை எல்லாம் மற்றதாலும் கணிக்க முடியும் என்று டூரிங் தம் கட்டுரையின் பின்னிணைப்பிலேயே காட்டினார். 2006 போட்டியின் கற்பனைச் சமயத்துக்குப் பெயர் கொடுத்த "கட்டுண்ட மாறி", சர்ச்சின் முறைக்கு அடிப்படையான கருத்துகளில் ஒன்று.

அன்றிலிருந்து பிறந்த பொதுப் பயன்பாட்டு மொழிகள் எல்லாமே இந்த வரம்புக்குள் அடங்கும். சி மொழியில் முடிவது பைத்தானிலும் முடியும், பைத்தானில் முடிவது லிஸ்ப்பிலும் முடியும். பதினான்கு கட்டளை கொண்ட அந்தக் கற்பனை இயந்திரத்திலும் முடியும். வேகம் மாறும், நீளம் மாறும், எல்லை மாறாது. கோட்பாட்டளவில் ஒரே ஒரு மொழியைக் கற்றவர் எல்லாவற்றையும் கற்றவர்தான். ஐடி துறையில் பத்து ஆண்டுகள் ஒரே மொழியில் வேலை பார்த்தவர்கள் இந்த வாதத்தை அடிக்கடி சொல்வதும் உண்டு: எல்லாமே ஒன்றுதான், எழுதும் விதம்தான் வேறு.

கார்னகி மெலனின் கணினி அறிவியல் துறைக்கு முதல் தலைவராக இருந்தவர் ஆலன் பெர்லிஸ். 1966-இல் டூரிங் விருது தொடங்கப்பட்டபோது அதை முதலில் பெற்றவரும் அவரே. 1982-இல் அவர் வெளியிட்ட நூற்று முப்பது குறுமொழிகளில் இரண்டு, இந்த வாதத்துக்கு நேர் எதிரே நிற்கின்றன. எல்லாம் செய்ய முடிந்தும், உருப்படியான எதையும் எளிதாகச் செய்ய முடியாத ஒரு புதைசேறு உண்டு என்று எச்சரிக்கிறது ஒன்று. சிந்திக்கும் முறையை மாற்றாத மொழியை அறிந்துகொள்வது வீண் என்கிறது மற்றது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் அவர் நிலைப்பாடு தெளிவாகிறது. மொழிகள் சமம் என்பது இயந்திரத்தின் பக்கமிருந்து பார்த்தால் தெரியும் உண்மை. எழுதும் மனிதரின் பக்கம் வந்தால் அந்தச் சமத்துவத்தால் ஒரு காரியமும் நடக்காது.

2006-இல் போட்டியிட்டவர்கள் இதைக் கையால் தொட்டு அறிந்திருப்பார்கள். அவர்கள் எழுதிய இயந்திரம் உள்ளே இருந்த எல்லா மொழிகளையும் இயக்கியது. அந்தப் பொருளில் எல்லாம் அந்த ஒன்றுக்குள் அடங்கியிருந்தன. ஆனால் இயந்திரத்தை முழுமையாக எழுதி முடித்தவருக்குக்கூட 2டி-யில் ஒரு பெருக்கல் எழுதத் தெரியாது. அதற்குப் பெட்டிகளோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டும்.

*

சிந்திக்கும் முறை மாறுவது என்றால் என்ன? ஒரு சாதாரண வேலையை எடுத்துக்கொள்வோம். நூறு மாணவர்களின் மதிப்பெண்களில் சராசரிக்கு மேலே எத்தனை பேர்? கல்லூரியில் சி அல்லது ஜாவா கற்றவரின் கை தானாகவே ஒரு லூப் எழுதும். முதல் மாணவரை எடு, கூட்டு, அடுத்தவருக்குப் போ; முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து வந்து ஒப்பிடு. வேலை ஒரு நேரத்தில் ஓர் ஆளாக நகரும்.

கென்னத் ஐவர்சன் 1950-களின் பிற்பகுதியில் ஹார்வர்டில் கற்பித்தபோது, கரும்பலகையில் எழுதுவதற்காக ஒரு புதிய குறியீட்டு முறையை உருவாக்கினார். 1962-இல் அது புத்தகமானது. 1966 வாக்கில் ஐபிஎம் நிறுவனத்தில் ஏபிஎல் என்ற பெயரில் ஓடும் மொழியானது. ஏபிஎல்-இல் நூறு மதிப்பெண்களும் ஒரே பொருள். அந்தப் பொருளைச் சராசரியோடு ஒப்பிட்டால் நூறு ஒன்றுகளும் பூச்சியங்களும் கொண்ட இன்னொரு பொருள் கிடைக்கும்; அதைக் கூட்டினால் விடை. முதல் மாணவர், அடுத்த மாணவர் என்ற வரிசையே எங்கும் பேசப்படுவதில்லை. ஏழெட்டுக் குறிகளில் வேலை முடிந்துவிடும். 1979-இல் டூரிங் விருது பெற்ற ஐவர்சன் தம் விருது உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், குறியீடு எப்படிச் சிந்தனைக்குக் கருவியாகிறது என்பதே. ஏபிஎல்-ஐப் பரப்பும் டயலாக் நிறுவனம் அந்த மொழிக்கென்றே பல ஆண்டுகளாக இணையப் போட்டி நடத்துகிறது. கணினித் துறையையே சேராத மாணவர்களும் அதில் கலந்துகொள்கிறார்கள்.

புரோலாக் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1972-இல் பிரான்ஸின் மார்சே நகரில் அலைன் கோல்மெராவரும் சக ஆய்வாளர்களும் உருவாக்கியது. இதில் கணினிக்கு "இதைச் செய்" என்று சொல்வதே அரிது. எது உண்மை என்று சொல்கிறோம்: இவள் அவருக்கு மகள், ஒருவரின் தாயின் தாய் அவருக்குப் பாட்டி. பிறகு கேட்கிறோம்: இவளுக்குப் பாட்டி யார்? அதே வரிகளை வைத்துக்கொண்டு, இந்தப் பாட்டிக்குப் பேத்திகள் யார் யார் என்றும் கேட்கலாம். கேள்வியைத் திருப்பிப் போட்டாலும் நிரலை மாற்ற வேண்டாம். கட்டளையிட்டே பழகிய மனதுக்கு இது முதலில் பெரும் அவஸ்தை. எங்கே ஆரம்பிப்பது, அடுத்து எது நடக்கும் என்று தேடிக்கொண்டே இருக்கும். அந்தத் தேடலைக் கைவிட்ட பிறகுதான் புரோலாக் பிடிபடும்.

தமிழிலும் ஒரு நிரல் மொழி உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில். பதிப்பி, நிரல்பாகம், முடி என்று தமிழ்ச் சொற்களிலேயே அதில் நிரல் எழுதலாம். ஆங்கிலம் தடையாக இருக்கும் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு அது திறந்துவிடும் கதவு மிகப் பெரியது. அந்த உழைப்பை வணங்க வேண்டும். ஆனால் அதன் உள்ளமைப்பு பைத்தானுக்கு நெருக்கமானது. பைத்தான் தெரிந்தவர் எழிலுக்குள் வந்தால் அவர் சிந்தனை அசையாது. ஏபிஎல்-க்குப் போனாலோ அவர் கால் வைக்கும் தரையே வேறு. எழிலும் ஏபிஎல்-உம் இரு வேறு தேவைகளுக்குப் பிறந்தவை. நுழையவே முடியாதவரை உள்ளே அழைப்பது ஒன்று. உள்ளே வந்து வேரூன்றிவிட்டவரைப் பெயர்த்து நடுவது மற்றது. இங்கே பேச்சு இரண்டாவதைப் பற்றி.

*

இந்த இடத்தில் ராமகிருஷ்ணரின் நினைவு வராமல் போகாது. எல்லாச் சமயங்களும் ஒரே பொருளை அடையும் பாதைகள் என்ற கருத்தோடு இன்று அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கருத்தை அவருக்கு முன்பும் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவரிடம் தனித்து நிற்பது, அதை நம்புவதோடு நில்லாமல் ஒவ்வொன்றாகப் பழகிப் பார்த்தது. தட்சிணேஸ்வரத்துக் காளி கோயில் பூசாரியான அவர், பைரவி பிராமணியிடம் தாந்திரிக சாதனைகள் கற்றார். தோதாபுரியிடம் அத்வைதம் கற்றார். 1866 வாக்கில் சூஃபி வழியில் தீட்சை பெற்றிருந்த கோவிந்த ராயிடம் இஸ்லாமிய சாதனை பெற்றார். அந்த நாட்களில் அவர் முஸ்லிம்களைப் போல உடுத்தி, அவர்களைப் போலத் தொழுது, அல்லாவின் பெயரையே சொன்னார் என்றும், காளி கோயிலுக்குள் நுழையவில்லை என்றும் அவர் வரலாற்றை எழுதிய சாரதானந்தர் குறிப்பிடுகிறார். இந்து தெய்வங்களைப் பார்க்கும் விருப்பம்கூட எழவில்லையாம்.

அந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். பழைய வழியை ஒரு கையில் பிடித்துக்கொண்டே புதிய வழியை ருசி பார்ப்பது அவர் முறையில் இல்லை. ஏபிஎல் கற்கப் போய் அதில் லூப் எழுதும் வழியைத் தேடிக் கண்டுபிடிப்பவரைப் புரோகிராமர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் எந்த மொழிக்குப் போனாலும் தன் பழைய மொழியையே எழுதிக்கொண்டிருப்பார். எல்லாம் ஒன்றுதான் என்று திரும்பி வந்து சொல்பவரும் அவரே. அப்படிச் சொல்வதற்கான உரிமையை அவர் இன்னும் சம்பாதிக்கவில்லை.

ஆனால் ராமகிருஷ்ணரின் இஸ்லாமிய சாதனை நீடித்தது மூன்று நாட்கள் என்கிறார்கள். ஐந்து வேளைத் தொழுகையை அறுபது ஆண்டுகள் விடாமல் செய்த ஒரு முதியவர், மூன்று நாளில் என்ன தெரிந்துவிடும் என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு மரியாதையான இடம் தர வேண்டும். ஒரு வழியின் ஆழம் அதில் சலிப்பு வந்த பிறகும் தங்கியிருப்பவருக்கே தெரியும் என்பது எல்லா மரபுகளிலும் பெரியவர்கள் சொல்வது. பெரும் ஞானியின் மூன்று நாள் வேறு, நம் மூன்று நாள் வேறு என்று பக்தர் சமாதானம் சொல்லலாம். சாதாரண மனிதருக்கு அந்தச் சமாதானம் பயன்படாது.

நிரல் மொழிகளிலும் இப்படிக் குறுகிய காலம் தங்கிப் பார்க்கும் முயற்சி உண்டு. கத்ரீனா ஓவன் 2013-இல் தொடங்கிய எக்ஸர்சிசம் என்ற இணையவழிக் கற்றல் அமைப்பு, 2023-இல் ஒரு சவால் விடுத்தது. ஓர் ஆண்டில் பன்னிரண்டு நிரல் மொழிகளை முயன்று பார்ப்பது; ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து பயிற்சிகள் முடிப்பது. பிப்ரவரி முழுக்க ஹாஸ்கெல், எலிக்ஸர், எஃப் ஷார்ப் போன்ற சார்புவழி மொழிகள், மார்ச்சில் வன்பொருளுக்கு நெருக்கமானவை என்று மாதத்துக்கு ஒரு குடும்பம். ஐந்து பயிற்சியில் ஒரு மொழி வசப்படாது. அதை அந்த அமைப்பும் மறைக்கவில்லை. இது பன்னிரண்டு மொழிகளின் அறிவைத் தருவதில்லை. ஆனால் பன்னிரண்டு முறை மறுபடி முதல் வகுப்பில் உட்காரும் அனுபவத்தைத் தருகிறது. பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர் ஹாஸ்கெலில் ஒரு பட்டியலைக் கூட்டிப் பார்க்கத் திணறும்போது, தன் திறமை என்று நினைத்திருந்ததில் எவ்வளவு வெறும் பழக்கம் என்பது தெரிகிறது. ஆழத்தை இழந்து இதை வாங்குவது நல்ல வியாபாரமா? வாழ்நாள் முழுக்க இப்படியே தாவிக்கொண்டிருந்தால் நஷ்டம்தான். ஓர் ஆண்டுக்கு என்றால், ஒரே மொழியில் ஊறிப்போனவருக்கு நிச்சயம் லாபம்.

*

இதுவரை பேசியது வழியைப் பற்றி. இனிப் பலனைப் பற்றிப் பேச வேண்டும்.

எரிக் வாஸ்ட்ல் 2015-இல் தொடங்கிய 'அட்வென்ட் ஆஃப் கோட்' என்ற டிசம்பர் மாதப் புதிர்த் தொடர், கிறிஸ்தவர்களின் திருவருகைக் காலத்திலிருந்து பெயர் எடுத்தது. கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் குழந்தைகள் நாளுக்கு ஒரு சன்னலாகத் திறக்கும் நாட்காட்டியைப் போல, நாளுக்கு ஒரு புதிர் திறக்கும்; இந்தியாவில் அப்போது காலை 10.30 மணி. ஒவ்வொரு புதிருக்கும் இரண்டு பாகம். முதல் பாகத்தை முடித்தால்தான் இரண்டாவது என்ன என்பதே தெரியும். ஒவ்வொருவருக்கும் தரப்படும் உள்ளீட்டுத் தரவு வேறாக இருக்கும். போட்டியாளர் எழுதும் நிரலை யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் வரும் விடையை மட்டும் ஒரு பெட்டியில் தட்டினால் போதும். அதனால்தான் எந்த மொழியும் செல்லும். அதனாலேயே ஒவ்வோர் ஆண்டும் ஏராளமானோர் தங்களுக்குத் தெரியாத ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்து, இந்த டிசம்பர் முழுக்க இதில்தான் என்று விரதம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த விரதத்துக்குத் தனி மதிப்பெண் எதுவும் இல்லை.

விடையை மட்டும் பார்க்கும் அமைப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. விடை எப்படி வந்தாலும் அதற்கு ஒன்றுதான். செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் நிரல் எழுதத் தொடங்கிய பிறகு, மனிதர் கேள்வியை வாசித்து முடிக்கவே முடியாத சில விநாடிகளில் விடைகள் வந்து விழத் தொடங்கின. யார் முதலில் விடை தந்தார் என்று காட்டும் தரவரிசைக்காக அப்படிச் செய்ய வேண்டாம் என்று வாஸ்ட்ல் கேட்டுக்கொண்டும் பயனில்லை. 2025-இல் அவர் இரண்டு முடிவுகள் எடுத்தார். உலகத் தரவரிசைப் பட்டியல் இனி கிடையாது. இருபத்தைந்து நாள் புதிர்கள் பன்னிரண்டாகக் குறையும். தரவரிசை தமக்கு மன உளைச்சலுக்குக் காரணமாக இருந்தது என்பதை அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

இயந்திரம் விடை தருவதால் கற்பது அர்த்தமிழந்துவிட்டது என்று சிலர் முடிவு கட்டினார்கள். நடந்தது அதற்கு நேர்மாறானது. பலனை வேறு யாராவது கொண்டுவந்து தந்துவிடக்கூடும் என்றான பிறகுதான், விரதம் எடுத்தவர் உண்மையில் எதற்காக உட்கார்ந்திருந்தார் என்பது அவருக்கே விளங்குகிறது. தரவரிசைக்காக உட்கார்ந்தவருக்கு இனி வேலையில்லை. புரோலாக்கைப் புரிந்துகொள்ள உட்கார்ந்தவருக்கு ஒன்றும் குறையவில்லை. அவருக்காக வேறு யாரும் புரிந்துகொள்ள முடியாது.

புரோலாக் பிறந்த அதே மார்சே நகரில், அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு, ஒரு பெண் இதைப் பற்றி எழுதினார். சிமோன் வெயில். தத்துவம் படித்தவர்; தொழிலாளர் வாழ்வை அறிய ஆலையில் கூலி வேலை பார்த்தவர்; நாஜிகள் பாரிஸைப் பிடிக்கும் தறுவாயில் அங்கிருந்து பெற்றோருடன் வெளியேறி மார்சேக்கு வந்து தங்கியிருந்தவர். அங்கே கவிஞர் ரெனே தோமாலிடம் சமஸ்கிருதம் கற்றுக் கீதையை மூலத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். 1942-இல் நண்பரான ஒரு கத்தோலிக்கத் துறவி வழியாக மாணவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தார். பள்ளிப் பாடங்களை இறையன்புக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பது அதன் பொருள்.

அவர் வாதம் துணிச்சலானது. வழிபாட்டின் சாரம் கவனம். ஆகவே கவனத்தை வளர்க்கும் எந்தப் பயிற்சியும் வழிபாட்டுக்கு வழி. வடிவியல் கணக்கு ஒன்றோடு ஒரு மணி நேரம் போராடி விடை காணாமல் எழுந்தாலும் அந்த நேரம் வீணாகாது. அதன் பலன் கணக்கோடு சம்பந்தமே இல்லாத வேறோர் இடத்தில், பல ஆண்டுகள் கழித்துக்கூட வந்து சேரலாம். இதற்கு அவர் காட்டும் சான்று புனித ஜான் மரிய வியான்னி. குருவாக ஆசைப்பட்ட அந்த விவசாயி மகனுக்கு இலத்தீன் ஏறவே இல்லை. ஆண்டுக்கணக்கில் முட்டி மோதியும் தேர்வில் தடுமாறினார். பின்னாளில் ஆர்ஸ் என்ற சிற்றூரில் பங்குத் தந்தையாக இருந்தபோது, பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர்களின் சொல்லாத துயரத்தையும் படித்தறியும் வியப்பான ஆற்றல் அவரிடம் இருந்தது. இலத்தீனோடு பட்ட பாடு அங்கேதான் காய்த்தது என்கிறார் வெயில்.

இதை நிரூபிக்க முடியாது என்று ஒருவர் மறுக்கலாம், நியாயம்தான். வியான்னியின் கருணை அவர் பிறவிக் குணமாகவே இருந்திருக்கலாம். அதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று இருக்கிறது: பயனற்ற பாடுகளுக்கெல்லாம் ஆன்மிக மதிப்பு கொடுத்துவிட்டால், மோசமாகக் கற்பிப்பவர்களுக்கும் புரியாத பாடப்புத்தகங்களுக்கும் அது கவசமாகிவிடும். வெயிலுக்கு இந்த ஆபத்து தெரிந்தே இருந்தது. கவனம் என்று அவர் சொல்வது பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவதை அல்ல. புருவத்தை நெறித்து மூச்சைப் பிடிக்கும் மாணவன் தன் தசைகளைத்தான் இறுக்குகிறான் என்கிறார். உண்மையான கவனத்தில் மனம் தன் கையிருப்பை ஒதுக்கிவைத்து, எதிரில் இருப்பது தானாக வரும்படி இடம் விட்டுக் காத்திருக்கும். அதற்கு ஆர்வமும் மகிழ்ச்சியும் வேண்டும். தவறாகச் செய்த பயிற்சியை ஒளிக்காமல் எடுத்துவைத்து, எங்கே பிசகியது என்று பொறுமையாகப் பார்ப்பதையும் அவர் வற்புறுத்துகிறார். பணிவு அங்கே பிறக்கிறது என்பது அவர் கருத்து. ஹாஸ்கெல் எழுதிப் பழகியவர்களுக்கு இது அன்றாட அனுபவம். நிரல் ஓடுவதற்கு முன்பே அந்த மொழியின் கம்பைலர் தவற்றைச் சுட்டி நிறுத்திவிடும். எரிச்சல்பட்டு எதையோ மாற்றிப் பார்ப்பவருக்கு அடுத்த பிழை வரும். நிதானமாக வாசிப்பவருக்குத் தன் எண்ணத்தில் இருந்த ஓட்டை தெரியும்.

டிசம்பர் விரதம் என்றதும் தமிழ் வாசகருக்கு மார்கழி நினைவுக்கு வரும். ஆண்டாளின் திருப்பாவையில் ஆயர் சிறுமியர் நோன்பு தொடங்கும்போது பறை பெறப் போவதாகத்தான் சொல்கிறார்கள். முதல் பாடலிலேயே அந்தப் பேச்சு வந்துவிடுகிறது. விடியலில் எழுந்து, தோழியரை எழுப்பி, வாயில் காப்போனைக் கெஞ்சி, நப்பின்னையை வேண்டிக் கண்ணன் முன்னால் வந்து நிற்கிறார்கள். இருபத்தொன்பதாம் பாடலில் அவன் பறையைத் தர முன்வந்தாற்போல, இந்தப் பறைக்காக நாங்கள் வரவில்லை என்று மறுத்துவிடுகிறார்கள். எக்காலமும் அவனோடு உறவும் அவனுக்கு ஆட்செய்வதும் போதும், மற்ற ஆசைகளை நீயே மாற்றிவிடு என்கிறார்கள். பொய் சொல்லித் தொடங்கியவர்கள் அல்ல அவர்கள். தொடங்கிய அன்று பறைதான் வேண்டியிருந்தது. முப்பது நாள் நடையில் கேட்பவர்களே வேறு ஆட்களாகிவிட்டார்கள். கர்மபலனைத் துறந்துவிட்டுச் செயலில் இறங்கு என்பது கடினமான அறிவுரை. பலனை விரும்பியே இறங்கி, போகும் வழியில் விருப்பம் மாறிப்போவதை ஆண்டாள் காட்டுகிறார். சம்பளம் கூடும் என்று நம்பி ஒரு புதிய மொழியைத் தொட்டு, பிறகு சம்பளத்தையே மறந்து அதில் அமர்ந்துவிட்ட புரோகிராமர்கள் நிறைய உண்டு. அவர்களைப் புரிந்துகொள்ளத் திருப்பாவையின் இந்த நகர்வு உதவும்.

*

இவ்வளவும் வயிறு நிறைந்தவர்களின் பேச்சு என்ற குரல் எழும். எழட்டும். கல்விக் கடன் வாங்கிப் பொறியியல் படிக்கும் மாணவி, பிளேஸ்மென்ட் தேர்வுக்கு ஜாவாவும் பைத்தானும் படிப்பாளா, புரோலாக்கோடு உட்காருவாளா? அவளிடம் போய்ப் பலன் கருதாத கல்வி பற்றிப் பேசுவது கொடுமை. டிசம்பரில் தினமும் இரண்டு மணி நேரம் தனக்கென்று ஒதுக்க முடிகிறவர் ஏற்கெனவே பல விதங்களில் கொடுத்துவைத்தவர். வீட்டு வேலையும் பிள்ளைகளும் காத்திருக்கும் பெண்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும்?

ஒரு காலத்தில் இந்தச் சுமையைக் கல்வி நிறுவனங்கள் ஏற்றன. எம்.ஐ.டி.யில் கணினி அறிவியலின் அறிமுகப் பாடத்தையே பல ஆண்டுகள் ஸ்கீம் என்ற மொழியில் நடத்தினார்கள். 1975-இல் அங்கேயே பிறந்த மொழி. தொழில்துறையில் அதைத் தேடி யாரும் வரவில்லை. ஏபெல்சனும் சஸ்மனும் அந்தப் பாடத்துக்காக எழுதி 1985-இல் வெளியான நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. வேலைக்கு ஆகாத மொழி என்று தெரிந்தே, சிந்திக்கும் பழக்கத்துக்காக ஒரு தலைமுறைக்கே அதைக் கற்பித்தார்கள். அதைக் கற்ற மாணவர் தன் இரவுகளைத் திருடிக் கற்க வேண்டியிருக்கவில்லை. பாடத்திட்டமே அவருக்கு நேரம் கொடுத்தது. 2008 வாக்கில் அந்தப் பாடம் முடிவுக்கு வந்து, அதன் இடத்துக்குப் பைத்தான் வந்தது. பெரிய நூலகங்களையும் கருவிகளையும் இணைத்து வேலை செய்யும் இன்றைய பொறியாளருக்கு வேறு பயிற்சி தேவை என்று சொன்ன காரணத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் அந்த மாற்றத்தோடு ஒரு பொறுப்பு கைமாறிவிட்டது. மடத்தில் எல்லோரும் சேர்ந்து செய்த ஓர் ஒழுக்கம் தனிமனிதரின் வீட்டு விரதமாகச் சுருங்கியது போலத்தான் இதுவும். இணையப் போட்டிகள் அந்த வெற்றிடத்தில் வந்து நிற்கின்றன. அவை பட்டம் தராது, வருகைப் பதிவு கேட்காது, கற்பிக்கக்கூட அதிகம் முயல்வதில்லை. பலர் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற துணையை மட்டும் தருகின்றன. நம் பொறியியல் கல்லூரிகள் எட்டு செமஸ்டர்களில் ஒன்றே ஒன்றில், தேர்வு பயமில்லாமல், இப்படி ஒரு மொழியை வைத்தால் கடன் வாங்கிப் படிக்கும் அந்த மாணவிக்கும் பங்கு கிடைக்கும். புரோலாக்கும் ஏபிஎல்-உம் பிரவுசரிலேயே இலவசமாக ஓடுகின்றன. பழைய கணினி ஒன்றே போதும். தேவைப்படுவது கால அட்டவணையில் இடம்தான்.

அதுவரை கதவு வேறிடத்தில் திறந்திருக்கிறது. அட்வென்ட் ஆஃப் கோடில் 2015 முதல் 2025 வரை வந்த 262 நாள் புதிர்களும் ஆண்டு முழுவதும் அப்படியே கிடைக்கின்றன. டிசம்பருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, வரிசைப்படி போக வேண்டியதில்லை. விடையைத் தட்டச்சு செய்யும் பெட்டி ஒன்று இருக்கும். எந்த மொழியில் எழுதினீர்கள் என்று கேட்கும் பெட்டி எங்கும் இருக்காது.